ஆறரை மணி வற்று

திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும்
நிலவுதான் பொறுப்பு.
இங்கே, நாலாயிரம் அடி உயரத்தில்,
கொழும்பின் விளக்குகள்.

ஆறரைக்கு அங்கே யாரோ சுவிட்சைத் தட்ட
இங்கே மதகு திறக்கும்.
சின்னத் தேக்கம்தான், சுழலி குடிக்கக் குடிக்க
ஒரு முழம் இறங்கிப்போகும்.
விடியுமுன் ஓடைகள் வந்து
கடனை அடைத்துவிடும்.

எப்போதும் நனைந்திருக்கும் எஃகு பிழைத்துக்கொள்ளும்.
எப்போதும் காய்ந்திருப்பதும் அப்படியே.
நனைந்தும் காய்ந்தும் நடுவில் நிற்கிற
அந்த ஒரு முழம்தான் உதிர்கிறது,
பாக்குச் சீவல் மாதிரி.

நீரெடுப்புக் கோபுரத்தின் நாலாவது கால்.
நட்டபோது தடிப்பு பன்னிரண்டு மில்லிமீட்டர்.
இன்றைக்குக் கருவி சொன்னது ஆறு புள்ளி நாலு.
தென்னக்கோன் ஐயா அதை எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டார், கோபமாக,
நான்தான் தின்றதுபோல.

கடலென்றால் மட்டி சுரண்டவே பாதி நாள் போகும்.
இங்கே மட்டியில்லை. துருக் கொப்புளங்கள்.
குத்தினால் கறுப்பு மை பீறிட்டுக்
கையுறையெல்லாம் பூசும்.
தண்ணீரோ தேயிலைச் சாயம், மேல்மலை மண் முழுக்க
என் முகக்கண்ணாடிக்கு முன்னால்.
கண்ணை மூடிக்கொண்டே செய்யலாம்.
பல நேரம் அப்படித்தான் செய்கிறேன்.

மேலே கயிறு பிடிப்பது நவ்பர். கிண்ணியாக்காரன்,
இரண்டு சுவெட்டர், ஒரு குல்லா, கடைவாயில் இஞ்சி.
ஒரு இழுப்பு: நலமா?
ஒரு இழுப்பு: நலம்.
இதைவிட நீளமாக என் அக்காவோடு
ஆறு வருடமாய்ப் பேசியதில்லை.

கடலில் துத்தநாகம் கட்டுவோம்.
நன்னீரில் அது சோம்பிக் கிடக்கும், அதனால் மக்னீசியம்.
எஃகைத் தின்ன வருவதற்குத்
தன்னைத் தின்னக் கொடுக்கிற கட்டி.
ஒவ்வொன்றும் பதினெட்டுக் கிலோ என்றார்கள்.
பதினெட்டு என்றதும்
என் நெற்றியில் ஒரு கூடைக் கயிறு அழுத்தியது.
தண்ணீருக்குள் அதை யாரிடம் சொல்ல.

பிறகு பசை. ஒரு கையில் மஞ்சள், ஒரு கையில் நீலம்,
கோடு மறைந்து பச்சையாகும்வரை பிசையவேண்டும்.
மற்றவர்களுக்கு வழுக்கி விழும்.
"உனக்கு மட்டும் எப்படியடா ஒட்டுது?" என்பான் நவ்பர்.
ரொட்டிக்கு மா பிசைகிற கை,
பவளராணியிடமிருந்து வந்தது.

உயரத்து நீருக்குக் கணக்கும் வேறு.
அறுபது அடி ஆழம் பட்டியலில் எழுபது.
மூழ்கி எழுந்தவன் பன்னிரண்டு மணி நேரம்
மலை ஏறக் கூடாது, இரத்தத்தில் குமிழி கட்டும்.
அவள் லயம் அணைக்கு மேலே ஆயிரத்தைந்நூறு அடி.
எங்கள் கூடாரத்திலிருந்து பார்த்தால்
இடப்பக்கம் மூன்றாவது விளக்கு.

போனில் சொன்னேன்:
சட்டம் அக்கா, இன்றைக்கு ஏற ஏலாது.
"குமிழியா? சோடாவில வருமே, அதுவா?"
அதேதான்.
"சரி, அடங்கட்டும்" என்றாள்.
பின்னால் குக்கர் ஒரு விசில் அடித்தது.

சட்டம் சரிதான்.
ஆனால் ஞாயிறு முழுக்கக் காற்றமுக்கி பழுதாய்க் கிடந்தது,
யாரும் நீரில் இறங்கவில்லை.
காலையிலிருந்து இருட்டும்வரை
தீட்டின சுரண்டியையே தீட்டிக்கொண்டிருந்தேன்,
நாலு கிலோமீட்டர் பாதைக்கு
முதுகைக் காட்டி.

ஏழேகால். நீர் இறங்குகிறது.
பச்சைப் பட்டை கொஞ்சம் கொஞ்சமாய் வெளியே வருகிறது.
தோணியில் போய் விரல் வைத்துப் பார்த்தேன்.
இன்னும் இறுகவில்லை, பதிந்தது.
அப்படியே விட்டுவிட்டேன்.

ஒன்பதரைக்கு
மூன்றாவது விளக்கு அணைந்தது.
ஒரு காம்பரா அளவு தண்ணீர்
அணையில் மிஞ்சியது.